பதினாறுக்கு எதிரே பத்து

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மூன்றாம் வகுப்பு வரை போனவள்தான். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் பேனா கையில் நிற்கவில்லை. நர்ஸம்மா என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்து எடுத்தார். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்யச் சம்மதம் என்று எழுதியிருந்த காகிதம் அது. உள்ளே கொண்டுபோனவர் பிறகு கண் விழிக்கவில்லை.

"அறுக்காம வுட்டிருந்தா எம்புள்ள எழுந்து வந்திருப்பான்." அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அத்தை, அவரைப் பெற்றவர், இதைச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. ராயபுரத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே அடுப்பு. சோறு போட்டு வைப்பேன், எடுத்துச் சாப்பிடுவார். மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாவமில்லை மகளே என்றார். எனக்கு அது போதவில்லை. என் வீட்டுக்காரரை நான் கொன்றேனா இல்லையா என்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பல் சமையல்காரர் ஒருவர் அவருக்கு ஒரு சீட்டுக்கட்டையும், இருபத்தொன்று என்ற ஆட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையில் உள்ள சீட்டுகளைக் கூட்டினால் இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் தோற்றோம். ராஜா, ராணி எல்லாம் பத்து. சீட்டுப் போடுகிறவரின் கையில் ஒன்று மட்டும் நமக்குத் தெரியும்; அவர் பதினேழு வரும் வரை எடுத்தே ஆக வேண்டும். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் கப்பல் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர், ஒழுகாத மூலையில் பாயை விரித்து எனக்குக் கற்றுத்தந்தார். நான் ஆசையில் சீட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தோற்பேன்.

"இன்னாமே, உன் கையையே பாத்துகினு கீற? எதிர்ல இன்னா கீதுன்னு பாரு" என்பார். எதிரே ஐந்தோ ஆறோ தெரிந்தால், பன்னிரண்டு வைத்திருந்தாலும் சும்மா இருக்க வேண்டும். எதிராளியே தாண்டி விழுவான். இப்படி ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பதினாறு மட்டும் பிடிபடவில்லை. நம்மிடம் பதினாறு, எதிரே பத்து. இன்னொரு சீட்டு எடுத்தால் பெரும்பாலும் தாண்டும். எடுக்காவிட்டால் பெரும்பாலும் அவன் ஜெயிப்பான். எடுக்கக் கூடாது என்று நான், எடுக்கணும் என்று அவர்.

கடைசியில் அவரே ஒரு வழி செய்தார். பதினாறையும் பத்தையும் பாயில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கலைப்போம். ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம், ஒரு தடவை எடுக்காமல். ஜெயித்த தடவைக்கு ஒரு புளியங்கொட்டை, எடுத்ததற்கு ஒரு கொட்டாங்கச்சி, எடுக்காததற்கு ஒன்று. மழை விடும்போது எடுத்த பக்கத்தில் நாலைந்து கொட்டைதான் அதிகம்.

"இதுக்கா இத்தினி நாளு? ரெண்டுலயும் தோல்விதான்யா."

"தோல்விதான். எதுல கம்மியா தோக்கறோம்னு தெரிஞ்சுபோச்சில்ல?" என்று சிரித்தார்.

போன வருடம் கப்பலிலிருந்து இறக்கும்போது மூட்டை சரிந்து அவர் மேல் விழுந்தது. உள்ளே ரத்தம் ஒழுகுகிறது, அறுத்தால் பிழைப்பது கஷ்டம், அறுக்காவிட்டால் அதைவிடக் கஷ்டம் என்றார் டாக்டர். அறுக்க வேண்டாம் என்று சொன்ன அத்தை காகிதத்தைத் தொடவே இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சீட்டு ஞாபகம் வந்ததா என்றால், இல்லை. பயம்தான் இருந்தது. பயத்தோடு விரலை நீட்டினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாங்கமுடியாமல் சீட்டுக்கட்டை எடுத்தேன். பதினாறையும் பத்தையும் வைத்துவிட்டு எடுத்து எடுத்துப் பார்த்தேன். கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"இன்னாடி அது, ஒரே சீட்டயே வெச்சுகினு கீற?"

நாலு மாதத்தில் முதல் பேச்சு. ஆட்டத்தைச் சொன்னேன், அன்று டாக்டர் சொன்னதும் இதே மாதிரிதானே என்றும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "குடு, நான் ஆடறேன்."

எடுக்கவே மாட்டேன் என்று ஆடினார். ஐந்து தடவையும் தோற்றார். கோபத்தில் ஆறாவது தடவை எடுத்தார், தாண்டியது.

"பாத்தியா! எடுத்தாலும் பூடுச்சு!"

"ஆமா அத்தே. எடுத்தாலும் பூடும்."

அத்தை சீட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "அன்னிக்கு நீ என் பேச்ச கேட்டிருந்தா அவன் கண்ணு முன்னால போயிருப்பான். நாந்தானே வேணான்னேன், நாந்தானே வேணான்னேன்னு சாவற வரிக்கும் அடிச்சுகினு கெடந்திருப்பேன். நீ எடுத்த. நல்லவேளடி."

அவர் மடியில் விழுந்து அழுதேன். அதுவரை அழுததெல்லாம் என் பயத்துக்கு. அன்றுதான் என் வீட்டுக்காரருக்காக மட்டும் அழுதேன். எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இருவரும் ஆடுகிறோம். பதினாறு வந்தால் அத்தை இன்றைக்கும் எடுப்பதில்லை. "எனக்கு மனசு வராதுடி" என்கிறார். "உனக்கு வந்தா நீ எடுத்துக்க."