மூன்றாவது வளையத்துக்குப் பின்னால்

இந்த ஊரில் ஒரு மனிதன் நாலு பேர் பார்க்கப் பூட்ஸைக் கழற்றினால், அவன் காலில் புண் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லண்டனின் கிழக்குப் பக்கத்தில் பாதியில் நிற்கும் சுரங்க ரயில் பாதைக்குள் இறங்கினேன். வழக்கமாக நான் போய் நிற்கும் இடத்துக்குப் பத்தடி முன்னால் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். குண்டுவீச்சில் வீடு போன குடும்பங்கள் அங்கே பெஞ்சும் படுக்கையுமாகக் குடியிருக்கிறார்கள். அவர்களில் மிஸஸ் வெப் என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து ஒரு சின்னத் தகர டப்பாவை நீட்டினாள். புண்ணுக்குப் போடுகிற களிம்பு. "இரண்டு வேளை தடவுங்கள், ஆறிவிடும்" என்றாள். புண் இல்லை, இங்கே சாமி இருக்கிறது என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் போதாது, தைரியமும் போதாது. "தேங்க் யூ" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வாயால் சொல்ல வராததைக் காகிதத்தில் சொல்லிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை ஒச்சம்மாளின் புருஷன் விருமன். அவனும் நானும் சேர்ந்துதான் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். மழை பொய்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகள் வேலையில்லாமல் நின்றன. எங்கள் பகுதி ஆண்கள் வெளியூர் போவதென்றால் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை பதித்து, சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டிய காலம் அது. நாங்கள் சீட்டு வாங்கவில்லை. உசிலம்பட்டியில் சத்தமில்லாமல் ரயில் ஏறினோம். அந்த ரயில் பாதை போட்டபோது கரைக்குக் கூடை கூடையாக மண் சுமந்தவர்கள் நாங்கள். "நாம கொட்டுன மண்ணு மேல ஓடுற ரயிலு. நமக்கே டிக்கெட்டு கேக்குறான் பாரு மச்சான்" என்று விருமன் சிரித்தான். மதுரை, தூத்துக்குடி, கொழும்பு. பிறகு கப்பலின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளும் வேலை. லண்டனில் இறங்கினோம், திரும்பக் கப்பல் ஏறவில்லை.

புறப்படும்போது ஒச்சம்மாள் பிள்ளைத்தாய்ச்சி. விருமனுடைய குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அவன் இடுப்பில் கட்டிவிட்டாள். எங்கள் பக்கம் அந்தப் பிடிமண்தான் சாமி. அதை எங்கே இறக்கி வைக்கிறோமோ அங்கே சாமி குடியேறிவிடும். அப்படி வேறு ஊரில் குடியேற்றிக்கொண்டவர்களுக்கு அதுதான் கோயில். "இடுப்புல போற மண்ணு இடுப்போட திரும்பி வரணும். எங்கயும் எறக்கி வச்சிராதீக" என்று அவனிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "புள்ளைக்கு மொத முடி எறக்குறப்ப மடி ஒன்னோடது அண்ணே. மறந்துராத" என்றாள். குழந்தையின் முதல் முடியைக் குலசாமி வாசலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இறக்குவோம். மறக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். பையன் பிறந்தான், தவசி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று கடிதம் வந்தபோது நாங்கள் இரண்டு கடல் தாண்டியிருந்தோம்.

சுரங்கத்தில் வேலை கிடைத்தது கிணறு வெட்டிய கைக்காகத்தான். மேஸ்திரி ஹாரிஸ் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கொடுத்தார். ஆனால் இந்த வேலை எங்கள் வேலையின் தலைகீழ். கிணற்றில் கீழ்நோக்கிப் போவோம். எவ்வளவு ஆழம் போனாலும் தலைக்கு மேல் வட்டமாக வானம் இருக்கும். இங்கே பக்கவாட்டில் போகவேண்டும், வானம் கிடையாது. நீல நிறக் களிமண்ணை வெட்டி வண்டியில் தள்ளுவோம். வெட்டிய இடம் சரிவதற்குள் இரும்புத் துண்டுகளை வளையமாகப் பூட்டி, அந்த வளையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சிமெண்டுக் கூழை ஊற்றுவார்கள். எங்கள் தலைக்கு மேல் ஒரு பெரிய சந்தை நடந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் ஒரு பொட்டுக்கூடக் கீழே வராது. "மேல அம்புட்டுச் சனம் நடக்குதே மச்சான், கீழ ரெண்டு பேரு கெடக்கோம்னு ஒருத்தனுக்காச்சும் தெரியுமா?" என்று விருமன் கேட்டான். "தெரிஞ்சு என்ன செய்யப் போறான்?" என்றேன். "மெதுவா நடப்பான்ல" என்றான்.

ஒரு நாள் வெட்டிக்கொண்டிருந்த மண் சுவரில் ஓர் இடம் கசிந்தது. ஊரில் அதற்காகத்தான் மாதக்கணக்கில் தோண்டுவோம். தண்ணீர் கண்டதும் மேலே பெண்கள் குலவை போடுவார்கள். என் கை தானாகப் போய் அந்தத் தண்ணீரை ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஹாரிஸ் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும், நான் நின்ற இடத்தில் ஒரு மாட்டு வண்டி அளவு களிமண் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. மறுநாள், பக்கத்துச் சுரங்கத்தோடு சேர்க்கும் குறுக்கு வழியிலிருந்து மூன்றாவது வளையத்தைப் பூட்டும்போது, விருமன் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தான்.

"என்ன மாப்ள பண்றே?" என்றேன்.

"இடுப்புல கட்டிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உள்ள வாரது? சாமி இங்கயே இருந்து பாத்துக்கிரட்டும். நம்மள மட்டுமில்ல, இந்த வெள்ளக்காரப் பயலுகளையும் சேத்து."

தங்கை சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. முந்திய நாள் விழுந்த மண் எனக்குள் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் துணியை இரும்புக்குப் பின்னால் வைத்தான். இரும்புத் துண்டைப் பூட்டினார்கள். கூழ் ஊற்றினார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் ஊருக்குக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் நான் வேறு மனிதனாக இருந்தேன். 'லண்டன் பட்டணத்துக்கு அடியில் நம் சாமிக்குக் கோயில் எடுத்துவிட்டோம். இரும்பாலேயே கட்டிய கோயில். இனி மாசிப் படையல் இங்கேயும் உண்டு' என்று எழுதி விருமனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்தான். "இம்புட்டும் எழுதணுமா மச்சான்?" என்றான். "ஊருல தெரியட்டும் மாப்ள" என்றேன். ஊரில் நடவு ஆட்கள்கூட என்னை ஊமையன் என்பார்கள். அவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

தெரிந்தது. அடுத்த மாசியில், அப்பன் வராவிட்டாலும் பரவாயில்லை, மடிக்கு ஒன்றுவிட்ட மாமன் ஒருவனை உட்காரவைத்து முடியை இறக்கிவிடலாம் என்று ஒச்சம்மாள் பையனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். விருமனின் பங்காளிகளில் மூத்தவர் வாசலில் மறித்துவிட்டார். அவர்களுக்கும் விருமன் குடும்பத்துக்கும் ஏற்கெனவே வாய்க்கால் தகராறு. நான் எழுதிய கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்துக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்ததும், "பிடிமண்ணக் கொண்டுபோயிச் சீமையில கோயிலே கட்டியாச்சுல்ல? அப்ப ஒங்களுக்குச் சாமி அங்கதேன். இங்க பங்கு கெடையாது. முடி எறக்கணும்னா லண்டனுக்குப் போயி எறக்கிக்க ஆத்தா" என்றாராம். சனம் சிரித்ததாம். அந்த மண் திரும்பி வந்து கோயில் வாசலில் விழுந்தால் பழையபடி பங்கு உண்டு என்றும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் ஒச்சம்மாள் அந்த வாத்தியார் கையாலேயே எழுதவைத்து அனுப்பியிருந்தாள்.

அதை வாசித்தபோது விருமன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மூன்றாவது வளையத்துக்குப் போனான். நானும் போனேன். இரண்டு போல்ட்டைக் கழற்றிவிட்டான். இரும்பு அசையவில்லை. பின்னால் கூழ் இறுகிக் கல்லாகியிருந்தது. ஸ்பானரால் தட்டத் தொடங்கினான். சத்தம் கேட்டு ஹாரிஸ் வந்தார், பின்னால் நாலைந்து பேர்.

"உள்ளே என்ன வைத்திருக்கிறான்? திருட்டுச் சாமானா?" என்று என்னிடம் கேட்டார்.

"மண்" என்றேன். அதற்கு மட்டும் இங்கிலீஷ் வார்த்தை தெரியும்.

ஹாரிஸ் என்னைப் பார்த்தார், விருமனைப் பார்த்தார். பக்கத்தில் வண்டி நிறையக் களிமண் நின்றது. "மண்ணா? இதற்கு வெளியே இந்த ஊர் முழுக்க மண்தானே, தம்பி" என்று ஒரு பெரிய கட்டியை எடுத்து விருமனின் இரண்டு கைகளிலும் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்காகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். மண் கேட்டவனுக்கு மண் கொடுத்தார். விருமன் அந்தக் கட்டியைக் கீழே போடத் தெரியாமல் ஏந்திக்கொண்டு நின்றான். "இது இல்லைன்னு சொல்லு மச்சான். எடுத்துச் சொல்லு" என்றான். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வளையத்தில் கைவைத்தவனுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை என்றார்கள்.

யுத்தம் தொடங்கியிருந்தது. கரி அள்ளத் தெரிந்தவர்களைக் கப்பல்கள் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டன. கொழும்புப் பக்கம் போகும் கப்பலில் விருமன் சேர்ந்தான். "சாமிய ஒத்தையில விட்டுட்டு ரெண்டு பேரும் கெளம்பக் கூடாது. நீ இங்க இரு. நான் போயி பங்காளிக கால்ல விழுந்தாச்சும் பேசி முடிச்சிட்டு ஒன்னக் கூப்புட்டுக்கிறேன். போயிட்டு வாரேன்" என்றான். அந்தக் கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் என் விலாசத்துக்கு வந்தது. இந்த முறை ஊருக்கு நான்கு வரிதான் எழுதினேன். அந்த நான்கு வரிக்கு மூன்று நாள் ஆயிற்று.

சுரங்க வேலையும் யுத்தத்தோடு நின்றுபோனது. வளையங்கள் எல்லாம் பூட்டியாகிவிட்டன; தண்டவாளம் மட்டும் போடவில்லை. ரயில் ஓடவேண்டிய இடத்தில் சனங்கள் குடியிருக்கிறார்கள். நான் ஒரு சலவைக்கூடத்தில் கொதிகலனுக்குக் கரி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மூன்றாவது வளையத்தின் முன்னால் நின்றுவிட்டுப் போகிறேன். கற்பூரம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அங்கே நெருப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள்.

ஒச்சம்மாளின் கடைசிக் கடிதம் பல மாதம் அலைந்து போன வாரம் வந்தது. வாத்தியார் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். 'அண்ணே, தவசிக்கு ஏழு வயசாச்சு. முடி இடுப்பத் தொடுது. சடை போட்டுத்தான் பள்ளிக்கொடம் அனுப்புறேன். புள்ளைக பொட்டப்புள்ளையக் கூப்புடுற மாதிரி ஏத்தா தவசின்னு கூப்புடுதுகளாம். அருவாமனையில தானே அறுத்துக்கிறப் பாத்தான். கையிலேயே அடிச்சிப்புட்டேன். இனி மண்ணு வராதுன்னு எனக்குத் தெரியும். ஒன் மடியாச்சும் வரட்டும். மடி வந்தா பங்காளிகள்ட்ட நான் பேசிக்கிறேன். ஒசலம்பட்டி ரயிலுத் தண்டவாளத்த யுத்தத்துக்குன்னு பேத்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாக. நீ வந்தா மதுரையில எறங்கி மோட்டாரு புடிச்சு வா. ரயிலுக்குன்னு டேசன்ல காத்துக் கெடக்காத.'

நான் மதுரை ஸ்டேஷனில் காத்துக் கிடக்கப்போவதாக நினைத்து அவள் எனக்கு வழி சொல்கிறாள். என்னிடம் ஊரைவிட்டு வந்ததற்குச் சீட்டு இல்லை, இந்த ஊரில் இறங்கியதற்குக் காகிதம் இல்லை, என் போன்றவனைப் பயணியாக ஏற்றிக்கொள்ளும் கப்பலும் இப்போது இல்லை. கரி அள்ளிக்கொண்டு போகலாம். விருமன் போன வழி அது. நாங்கள் மண் சுமந்த பாதையில் தண்டவாளம் போய்விட்டது. நாங்கள் மண் வெட்டிய பாதையில் தண்டவாளம் வரவே இல்லை. கடல் தாண்டி இருக்கிற நம்மவர்களில் இடுப்பில் ஒரு பிடி மண் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்கிறேன்: இறக்கி வைக்காதீர்கள். வைத்துவிட்டால் ஊருக்கு எழுதாதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அங்கே போனேன். மிஸஸ் வெப் கையில் கத்தரிக்கோலோடு தன் பையனைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வயது, காதை மறைத்துச் சோள நாரைப் போல மஞ்சள் முடி. என்னைக் கண்டதும், "கால் ஆறிவிட்டதா?" என்றாள். "ஆறிவிட்டது" என்றேன். "நல்லது. அப்படியானால் உட்காருங்கள். இவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னிடம்தான் ஆடுவான், உங்களைப் பார்த்தால் பயப்படுவான்" என்று ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டாள். குறுக்கு வழியிலிருந்து மூன்றாவது வளையத்துக்குக் கீழே, சுவரோடு ஒட்டிப் போட்டாள். மாட்டேன் என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பையன் என் மடியில் இருந்தான்.

உட்காரவைத்ததும் அவன் ஆடவில்லை. அவள் நெற்றியிலிருந்து தொடங்கினாள். முதல் கொத்து என் முழங்கால் மேல் விழுந்தது. "உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டாள். "தங்கைக்கு" என்றேன். "அதுதான் பிடிக்கத் தெரிந்திருக்கிறது" என்றாள். அதன்பிறகு நான் நிமிரவில்லை. முடி விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த என் பூட்ஸுக்குள்ளும் விழுந்தது. முடிந்ததும் பையன் குதித்து ஓடிவிட்டான். "உங்கள் துணியெல்லாம் பாழாகிவிட்டதே, பிரஷ் கொண்டுவருகிறேன்" என்று அவள் படுக்கைப் பக்கம் போனாள். மடியில் அவன் இருந்த சூடு கொஞ்ச நேரம் இருந்தது. முதுகில் இரும்பு சில்லென்று இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.