எட்டு மணி வளைவு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலை ஒட்டிய சின்ன அறையில், சன்னலுக்குப் பின்னால், பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார் டைம்கீப்பர். நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கும் அந்த இடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'அரை நிமிஷம்'.

வேலை எட்டு மணிக்குத் தொடங்கும். எட்டு அடித்து அரை நிமிஷம் கழித்து வந்தால் போதும், வந்தவர் யாராக இருந்தாலும் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். மூன்று வட்டம் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு காலி. மழை, பஞ்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், எதைச் சொன்னாலும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்பார். கேட்டுக்கொண்டே வட்டத்தைப் போட்டு முடித்திருப்பார்.

பசை மிஷினில் வேலை பார்த்த சொந்த மச்சினனுக்கே ஒரு நாள் வட்டம் போட்டார். அன்று வீட்டில் அவர் சாப்பாட்டில் உப்பும் இல்லை, மனைவியின் முகத்தில் சிரிப்பும் இல்லை.

"என் தம்பி என்ன, ஒரு மணி நேரமா லேட்டு?"

"நாப்பது செகண்டு."

"அதை வாய் விட்டுச் சொல்ல வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"நாப்பது செகண்டை நாப்பது செகண்டுன்னுதானே சொல்ல முடியும்?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

அந்த மழைக்காலத்தில், இரண்டு மாதத்துக்குள், வேலைக்கு வரும் வழியில் நான்கு பேர் பைக்கோடு விழுந்தார்கள். ஒருவருக்கு முன்பல் போயிற்று, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூன்று விலா. நான்காவது ஆள் மச்சினன். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

மேனேஜர் எல்லாரையும் கூட்டி, இனி கம்பெனியில் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு பொறுப்பாளர் உண்டு என்று அறிவித்தார். அவர் விரல் நேராக டைம்கீப்பரைக் காட்டியது.

"எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்."

"தெரிய வேண்டாம். உங்களைப் பாத்தா எல்லாரும் பயப்படுறாங்க இல்ல? அது போதும்."

சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை பேட்ஜும் கிடைத்தது. மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். அந்த இடத்தில் அட்டைக்குப் பஞ்சமா? பெரிய அட்டை ஒன்றில் 'தலை ஒன்றுதான்!' என்று எழுதி வாசலில் மாட்டினார். மத்தியானத்துக்குள் யாரோ அதன் கீழே 'எண்ணிப் பார்த்தோம், சரிதான்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

கம்பெனி செலவில் ஆளுக்கொரு ஹெல்மெட் வந்தது. ஒரு வாரம் கழித்து அவை எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார். ஒன்றில் வெங்காயம் இருந்தது. ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மற்றொன்றைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மீதியெல்லாம் வண்டியின் கண்ணாடியில் தொங்கின. தலையைத் தவிர எல்லா இடத்திலும் ஹெல்மெட் இருந்தது.

ஊருக்கு உபதேசம் செய்தவரும் தன்னுடையதை முழங்கையில்தான் மாட்டியிருந்தார். வாசல் வரை வந்த மனைவி அதைக் கவனித்தாள்.

"கீழ விழுந்தா முழங்கையாலதான் விழறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அன்றிலிருந்து தலைக்கு ஏறியது. வேர்த்தது, அரித்தது, முடி இருந்த கொஞ்ச இடமும் நசநசத்தது. ஒருவரும் ஏன் போடுவதில்லை என்பதாவது அவருக்குப் புரிந்தது.

பழக்க தோஷம், விபத்துகளையும் அவர் நேரத்தோடுதான் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது புருவம் சுருங்கியது. ஏழு ஐம்பத்திரண்டு. ஏழு ஐம்பத்தைந்து. ஏழு ஐம்பத்து நான்கு. ஏழு ஐம்பத்தாறு. நான்கும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அதே வளைவில். விழுந்தவர்களில் ஒருவர் பேரன் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியைச் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திக்கொண்டு போவார்கள்.

அந்த வாரம் மச்சினனைப் பார்க்க மனைவியோடு போனவர், மெல்லக் கேட்டார்.

"ஏண்டா, அந்த வளைவுல அவ்வளவு வேகமா எதுக்குப் போனே?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்க மாமா."

"சும்மா சொல்லு."

"ஏற்கனவே ரெண்டு வட்டம். வளைவுகிட்ட வரும்போது ஏழு அம்பத்தாறு. ரோடு எங்க மாமா தெரிஞ்சுது? உங்க மூஞ்சிதான் கண்ணு முன்னால நின்னுச்சு."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி ஒரு சுளை விடாமல் எல்லாவற்றையும் தம்பி கையிலேயே வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை, வேலை பார்க்க வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வாசலை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வளைவில் இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏழரையிலிருந்து முக்கால் வரை போனவர்கள் காற்று வாங்கப் போகிறவர்களைப் போலப் போனார்கள். ஏழு ஐம்பது ஆனதும், கூட்டில் கல் பட்ட தேனீக்கள் மாதிரி வர ஆரம்பித்தார்கள். கை ஹார்னிலேயே ஒட்டிக்கொண்டதுபோல, துப்பட்டா பின்னால் பறக்க, பேக்கிங் பிரிவின் மேற்பார்வைக்காரி போனாள். எல்லாரும் அவளை மின்னல் அக்கா என்று கூப்பிடுவதன் காரணம் அவருக்கு அன்றுதான் விளங்கியது.

"தினமும் இதே கூத்துதான் சார்," என்றார் டீக்கடைக்காரர். "அந்தக் கம்பெனி வாசல்ல ஏதோ பூதம் உக்காந்திருக்காம். எட்டு மணிக்கு மேல போனா விழுங்கிடுமாம்."

பூதம் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தது.

நேரே மேனேஜரிடம் போய்த் தாளை நீட்டி, எட்டேகால் வரை வட்டம் வேண்டாம், தாமதமான நிமிஷங்களைச் சாயங்காலம் ஈடு கட்டட்டும் என்றார். மேனேஜர் தாளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்.

"நீங்களா கேக்குறீங்க?"

"நான்தான் சார்."

"இன்னிக்குக் கால் மணி நேரம் குடுத்தா நாளைக்கு அரை மணி கேப்பாங்க. அவங்கவங்களுக்குப் பொறுப்பு வேணும். போங்க, இன்னும் நாலு அட்டை எழுதி மாட்டுங்க."

அடுத்த வாரமே மேனேஜரின் கார் பட்டறைக்குப் போயிற்று. பஸ் கிடைக்காமல் சாலையோரம் நின்றவர் முன்னால் கிரீச்சென்று ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஏறுங்க சார், நிமிஷத்துல போயிரலாம்!" என்றாள் மின்னல் அக்கா. பின்னால் உட்காருகிறவருக்கென்று அவளிடம் இருந்தது மகளுடைய ஹெல்மெட். முயல் படம் போட்டது. அதை ஒரு வழியாக அழுத்தி மாட்டிக்கொண்டு ஏறினார்.

நடந்ததை அவர் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. வளைவில் எதிரே தண்ணீர் லாரி வந்தது, அதற்கும் சுவருக்கும் நடுவே வண்டி புகுந்து போனது, அந்த நேரம் தான் கண்ணை மூடிக்கொண்டது, இவ்வளவுதான் தெரியவந்தது. வாசலில் வண்டி நின்ற பிறகும் சீட்டுக் கம்பியைப் பிடித்த அவர் விரல்கள் பிரிய மறுத்தன.

"இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கு சார்!" என்றாள் அக்கா பெருமையாக.

மேனேஜர் தள்ளாடி வந்து, தலையில் முயலோடு, சன்னலுக்குள் குனிந்தார்.

"அந்தக் கால் மணி நேரம்... அதை இருபது நிமிஷமா வச்சுக்கலாமா?"

"கால் மணியே போதும் சார்."

டைம்கீப்பர் சும்மா விடவில்லை, ஒரு நிபந்தனை போட்டார். வண்டியில் வருகிறவர்கள் தலையில் ஹெல்மெட்டும் தாடைக்குக் கீழே பூட்டிய வாரும் இருந்தால்தான் எட்டேகால். இல்லாவிட்டால் பழைய எட்டு மணி, பழைய சிவப்பு மை. வெங்காயமும் கோழியும் மளமளவென்று வேறு இடம் பார்த்துக்கொண்டன.

குறுக்கு வழி தேடாமல் இருப்பார்களா? முக்கு திரும்பும்வரை மொட்டைத் தலையாக வந்துவிட்டு வாசல் கண்ணில் பட்டதும் மாட்டிக்கொண்டார்கள் சிலர். ஒரு மழை நாளில் வெட்டும் மிஷின்காரரை அவர் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேல நனைஞ்சிருக்கு, நியாயம். உள்ள எப்படிப்பா மழை பேஞ்சுது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த வித்தை அன்றோடு ஒழிந்தது.

முதல் வாரம் பாதிப் பேர் எட்டு பதினாலுக்கு வந்தார்கள். மேனேஜர் சன்னல் பக்கம் வந்து பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். ஆனால் மாதம் திரும்புவதற்குள் பெரும்பாலோர் எட்டுக்கு முன்னாலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள். தொலையட்டும், மெதுவாகப் போகலாம் என்று கிளம்பியவர்கள் எப்படிச் சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள் என்பது, நேரத்தையே தொழிலாக வைத்திருந்த அவருக்கும் கடைசி வரை பிடிபடவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. இரண்டு பேர் விழுந்தார்கள், இரண்டு பேரும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு வேலைக்கு வந்தார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எலும்பு முறியாத நாள் இத்தனை என்று வாசலில் பெரிய போர்டு வைக்கலாம் என்றார்.

"வேண்டாம் சார். போர்டுல எண்ணிக்கை ஏற ஏற, விழுந்தவன் வாயைத் திறக்க மாட்டான். நம்மளால கெட்டுப்போச்சுன்னு பேர் வரக் கூடாதேன்னு மறைச்சுருவான்."

அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் 'விழப் பார்த்தவர்கள்' என்று எழுதி வைத்தார். விழாமல் தப்பியவர்கள் வந்து எங்கே, எதனால் என்று சொல்ல வேண்டும், வட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. பத்து நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் மச்சினன் வந்து, தொட்டி வளைவில் மணல் கொட்டிக் கிடக்கிறது என்றான். அதை எடுக்கச் சொல்லி அவர் நகராட்சிக்கு எழுதினார். நான்காவது கடிதத்துக்கு ஆட்கள் வந்து மணலை வாரிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு சாப்பாட்டு வேளையில் சன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. அவருக்கோ கேட்கக் கேட்க ருசி கண்டுவிட்டது.

ஒரு மத்தியானம் மின்னல் அக்கா வந்து நின்றாள்.

"எழுதிக்குங்க சார். பாலத்துக்கு இந்தப் பக்கம். காலையில. ஒரு எருமை."

"நின்னுச்சா, நடந்துச்சா?"

"ஓடி வந்துச்சு சார், அதுக்கும் எட்டு மணிக்கு வேலை போல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அது என்னைப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன். ரெண்டு பேருமே பிரேக் போட்டோம்."