ஆப்பிரிக்கா ராஜவேலுவின் மல்லாட்டைக் கொல்லை

கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் இறங்கி ராஜவேலு கடை எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆப்பிரிக்கா கடை என்று கேளுங்கள், ஆட்டோக்காரரே கொண்டுபோய் விட்டுவிடுவார். காலையில் இட்லியும் பூரியும் போடுவார். வெயில் ஏறுவதற்குள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுத் தன் புன்செய்க் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். ஆப்பிரிக்காவில் சிங்கம் சுட்டவர் என்று பாதி ஊர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. சத்தியமாக, அவர் அங்கே சுட்டதெல்லாம் சப்பாத்திதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வேட்டை முகாமில் அவர் சமையல்காரராக இருந்தார். வெளிநாட்டுப் பணக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து இறங்குவார்கள். அரசாங்கத்திடம் முறையாக அனுமதி வாங்கி, எருமையையும் மானையும் வேட்டையாடுவார்கள். கறியில் பெரும்பங்கு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்விடும். மிருகத்தின் தடம் பார்த்து வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர் இசாக்கா. முகாமில் ராஜவேலுவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதர் அவர்தான். இருவரும் அரைகுறை பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். பாண்டிச்சேரியில் நாலு எழுத்து பிரெஞ்சு படித்தவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவர்கள் இருவருக்கும் அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

பிறகு அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. ராணுவம் வந்து உட்கார்ந்ததும் வேட்டை அனுமதி நின்றது. அது திரும்பக் கிடைப்பதற்குள் தீவிரவாதிகள் காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். வேட்டை நடந்தவரைக்கும் காவலர்களுக்குச் சம்பளம் வந்தது, காட்டைக் காத்தார்கள். வேட்டை நின்றதும் காடு கேட்பாரற்றுப் போனது. வெளிநாட்டுத் துப்பாக்கி உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். கிராமத்துக்காரர்கள் வைத்திருந்த பழைய துப்பாக்கிகளையும், தீவிரவாதிகள் கையில் சிக்கிவிடும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். முகாமுக்குப் பூட்டு விழுந்தது. ராஜவேலு ஊர் வந்து சேர்ந்தார். இசாக்காவுக்குப் போக வேறு ஊர் இல்லை.

இந்த வருஷம் ராஜவேலுவும் அவர் மனைவி பரிமளாவும் கொல்லையில் மல்லாட்டை போட்டிருந்தார்கள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் அதுதான். பக்கத்துக் கொல்லை பரிமளாவின் தம்பி வெற்றிச்செல்வனுடையது. காய் பிடிக்கிற நேரம் பார்த்து ஏரிப் புதரிலிருந்து காட்டுப்பன்றிகள் வர ஆரம்பித்தன. வெற்றிச்செல்வனிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. அதில் பன்றியைச் சுடுவதில்லை, வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டுவதோடு சரி. ஆனால் தேர்தல் தேதி அறிவித்த கையோடு, லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். தேர்தல் வந்தால் எப்போதும் உள்ள நடைமுறைதான். பன்றிக்கு மட்டும் தேர்தல் விதிமுறை கிடையாது.

கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் மிரண்ட பன்றிகள் மூன்றாம் நாள் பரிமளாவின் கத்தரிப்பூ நிறப் புடவையை மிதித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டன.

வெற்றிச்செல்வன் ஒரு கட்டுக் கம்பியோடு வந்து நின்றான். "மாமா, ஸ்டேஷன்ல கேட்டுக்கினு வந்துட்டேன். ஓட்டு எண்ணி முடியிற வரைக்கும் துப்பாக்கி வெளிய வராதாம். அதுக்குள்ள ஒரு காய் மிஞ்சாது. கம்பி கட்டிக் கரண்டு உட்டுர்றேன்."

கரண்டுக் கம்பியில் மனிதர்கள் செத்த சேதியைப் பேப்பரில் படிக்காதவரா ராஜவேலு?

"டேய், விடிஞ்சும் விடியாம பால் சொசைட்டிக்குப் போற பொம்பளைங்க அந்த வரப்புல தான நடக்குறாங்க? உங்க அக்காவும் அதுல தான்டா போறா. பன்னிக்கு வச்சது அவ கால்ல பட்டா இன்னா பண்ணுவ?"

"அப்ப வேற வழி சொல்லு மாமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்குறேன். அப்புறம் யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் ராஜவேலு இசாக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினார். யோசனை கேட்க இல்லை, மனசு ஆறட்டும் என்றுதான். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போன கதையைக் கேட்டு இசாக்கா பெருமூச்சு விட்டார். அவர் ஊரிலும் அதே கதைதான், அங்கே சோளத்துக்கு வருவது யானை. துப்பாக்கி போனபிறகு சாணத்தில் காய்ந்த மிளகாயை அரைத்துக் கலந்து, வரட்டியாகத் தட்டிக் கொளுத்துகிறார்களாம். அந்த நெடிக்கு யானையே திரும்பிப் போகிறதாம்.

"யானை போகும்போது உன் பன்றி போகாதா?" என்றார்.

மிளகாயை அரைத்தது பரிமளா. அரைத்த கை எரிச்சலில், கட்டிய புருஷனையும் காணாத இசாக்காவையும் சேர்த்தே திட்டினாள். ராஜவேலு வரட்டிகளை மொறுமொறுவென்று காயவைத்து, மேற்கு வரப்பு நெடுக அடுக்கி, பொழுது சாயும்போது கொளுத்தினார். அழகாகப் பற்றிக்கொண்டன. மஞ்சள் ஜுவாலையோடு நின்று எரிந்தன. மனிதருக்கு ஒரே பெருமை.

விடிந்து பார்த்தால் மேற்கு ஓரத்தில் இரண்டு பாத்தி காலி. வெற்றிச்செல்வன் கம்பி கட்டுவதற்குக் குச்சி சீவ ஆரம்பித்தான். அதைப் பார்க்கப் பார்க்க ராஜவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடியும் இசாக்காவைக் கூப்பிட்டு, எரிகிற நெருப்பை எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். இசாக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ சமையல்காரன் என்பதைக் காட்டிவிட்டாய்! இதில் புகை எங்கே?"

ராஜவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பு புகைந்தால் முகாமில் வெள்ளைக்காரர்கள் கத்துவார்கள், இங்கே பூரிக்கு வந்தவர்கள் கத்துவார்கள். புகையில்லாமல் தீ மூட்டுவதே அவர் பிழைப்பு. கொல்லையிலும் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. நெருப்பு நன்றாக எரிந்ததே தப்பு. வரட்டி ஈரமும் காய்ச்சலுமாக இருக்க வேண்டும், கங்கு மட்டும் உள்ளே கனன்றுகொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அரை ஈர வரட்டிகளை வைத்து மூட்டினார். மூட்டினார் என்று சொல்வதா, மூட்டாமல் விட்டார் என்று சொல்வதா! புகை மட்டும் புஸ்ஸென்று கிளம்பியது. கடல் காற்று அதை அள்ளிக்கொண்டு ஏரிப் பக்கம் போனது. தெருநாய் தும்மியது, வெற்றிச்செல்வன் தும்மினான். "பேஜாரு பண்றியே மாமா!" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கொல்லைக்குப் போனார்கள். பரிமளா முன்னால் ஓடிப்போய் வரப்பில் நின்று பார்த்தாள். ஒரு செடி சாயவில்லை. அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வரப்புக்கு வெளியே ஈர மண்ணில் குளம்படிகள் இருந்தன. ராஜவேலு போனில் இசாக்காவைக் கூப்பிட்டு அவற்றைக் காட்டினார். இசாக்கா திரையில் குனிந்தார். கிட்டே கொண்டு போ என்றார், இடப்பக்கம் திருப்பு என்றார், மறுபடி முதலிலிருந்து காட்டு என்றார்.

"இன்னா மாமா சொல்றாரு?" என்றான் வெற்றிச்செல்வன்.

"பெரிய பொட்டைப் பன்னியாம், கூடக் குட்டிங்களாம். இங்க நின்னு மோந்து பார்த்துட்டு மெரண்டு திரும்பியிருக்குதாம். ஒரு குட்டி நொண்டுதாம்."

"அங்கேர்ந்துக்கினே சொல்றாரா?"

"இன்னொண்ணும் சொல்றாரு. திரும்பின தடம் உன் கொல்லைப் பக்கம் போவுதாம். இன்னிக்கு ராத்திரி அதுங்களுக்கு உன் கொல்லையில தான் விருந்து."

வெற்றிச்செல்வன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, மிளகா மிச்சம் இருக்குதா? ஜல்தி சொல்லு!" என்றான்.

"மிளகா இருக்குது. கம்பிய இன்னா பண்ணப் போற?"

"கடையிலயே திருப்பிக் குடுத்துர்றேன். போதுமா?" என்றவன், போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்று தமிழிலேயே கத்தினான்.

இசாக்காவுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. முகாம் மூடியபிறகு அவர் ஒரு தடமும் பார்த்ததில்லை. காட்டுக்குள் போனால் தீவிரவாதி சுடுவான். அவன் விட்டால், இவரையே தீவிரவாதி என்று நினைத்து ராணுவம் சுடும். தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து கிடந்த மனிதர் அவர்.

"நாளைக்கும் காட்டுவாயா?" என்று ராஜவேலுவிடம் கேட்டார்.

"தினமும் காட்டுகிறேன்" என்றார் ராஜவேலு.