வாசிக்காமல் விட்ட வரி

அப்பா கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. எட்டு வருடம் அங்கே ஓர் இரும்பு வேலைத்தளத்தில் இருந்தவர். வந்த முதல் இரண்டு மாதமும் பெரும்பாலும் தூங்கினார். இவ்வளவு தூக்கத்தை ஒரு மனிதர் எங்கே சேர்த்து வைத்திருந்தார் என்று எனக்கு வியப்பாக இருக்கும். பிறகு ஒரு நாள் கொழும்புக்குப் போய், மூடிவிட்ட ஒரு கராச்சில் கிடந்த, இரும்பு கடைகிற பழைய லேத் மெசினை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

கல்லடியில் எங்கள் வீட்டு வாசல் அதற்குப் போதவில்லை. முன் யன்னலைச் சட்டத்தோடு கழற்றி, சுவரையும் கொஞ்சம் இடித்து, அடியில் இரும்புக் குழாய்களை உருட்டி, அயலவர்கள் பத்துப் பேர் தள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். கதிரைகள் விறாந்தைக்குப் போயின. அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தபடி, “எட்டு வரிசமா இவருக்கு இதுதானே வேல” என்றார். அப்பா மெசினின் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு, அப்பாவோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தபோதுதான். அப்பா அங்கே லேத் ஓட்டவில்லை. லேத்துகளுக்கு அடியில் விழும் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவார். வேலை முடிந்ததும் மெசின்களைத் துடைத்து எண்ணெய் பூசுவார். எட்டு வருடமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர் கை பட்டதெல்லாம் ஓடாமல் நிற்கிற மெசின்களில்தான்.

மெசினோடு எண்ணெய் ஊறிய ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் வகுப்பில் ஆங்கிலத்தில் முதலாம் பிள்ளை. பின்னேரம் நான் முகம் கழுவி வந்ததும் அப்பா கூப்பிடுவார்.

“உன்ட இங்கிலீசு எப்பிடி எண்டு பாப்பம். இத வாசிச்சுத் தமிழ்ல சொல்லு.”

நான் வாசித்துச் சொல்லுவேன். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இல்லாத சக்கரங்களைத் திருப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பந்தி முடிவிலும், “ஓம், அது சரி” என்பார். புத்தகத்துக்கும் எனக்கும் சேர்த்துப் புள்ளி போடுகிறார் என்று எனக்குப் பெருமை. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் மெசின் முன்னால் நின்று, முதல் நாள் நான் வாசித்ததைச் செய்து பார்த்துக்கொண்டிருப்பார். பின்னேரம் வரும்போது தரையில் கெட்டுப்போன இரும்புத் துண்டுகள் கிடக்கும். அப்பா நிலத்தில் குந்தியிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய இரும்பு அப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொள்வேன்.

அந்தச் சிறுபோகத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சித்தாண்டியில் வேளாண்மை செய்கிறவர். ஆற்றிலிருந்து வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பின் தண்டு முறிந்துவிட்டது. இரண்டு துண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“டவுன்ல குடுத்தா பத்து நாள் செல்லும் எண்டுறாங்க அத்தான். கதிர் வாற நேரம். அஞ்சு நாளைக்கு மேல தாங்கா.”

அப்பா நெடுநேரம் அந்தத் துண்டுகளைப் பார்த்தார். ஏலாது என்று சொல்ல அவர் வாயெடுத்தாரோ என்னவோ. அதற்குள் அம்மா, “இத விட்டுட்டு ஏன் டவுனுக்கு? வெச்சிட்டுப் போ தம்பி” என்று வாங்கி வைத்துவிட்டார்.

மூன்று நாள் அப்பா அதிலேயே கிடந்தார். ஆச்சரியம், புது இரும்பில் கடைந்த தண்டு நன்றாகவே வந்தது. அளந்து பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். இனி ஒரு முனையில் நட்டு என்கிற சுரை பூட்டுவதற்கு, திருகாணியில் இருப்பதுபோலப் புரி வெட்டினால் சரி. அன்று பின்னேரம் புரி வெட்டும் பகுதியை வாசிக்கச் சொன்னார்.

நான் இரண்டு டியூசன் முடித்து, வெயிலில் பாலத்தால் நடந்து வந்திருந்தேன். கண் சொக்கியது. பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் தடித்த எழுத்தில் ஒரு நீண்ட வசனம் இருந்தது. அதில் பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாதவை. அகராதி உள்ளே அலுமாரியில் இருந்தது. எழும்பிப் போகவும் மனமில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. முதலாம் பிள்ளை அல்லவா! கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அப்பா.”

“ஓம், அது சரி.”

அடுத்த நாள் சனிக்கிழமை. நான் விறாந்தையில் இருந்து சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். மெசின் ஓடுவதும் நிற்பதும் மறுபக்கம் கிறுகிச் சுற்றுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று வீடே அதிர்ந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கனத்த வட்டம் கழன்று விழுந்து, உருண்டு, அப்பாவின் காலில் இறங்கியிருந்தது. அப்பா கத்தவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க எதுவுமில்லாமல் சுற்றுகிற மெசினைப் பார்த்தபடி தரையில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கறண்டை நிறுத்தினார். தண்டு வளைந்து கிடந்தது.

பாதத்தில் மூன்று எலும்பு முறிந்திருந்தது. மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே தோடம்பழங்களை வைத்துவிட்டுப் போனார். இரவல் பம்பு கிடைப்பதற்குள் அவருடைய வயலில் பாதி கருகிவிட்டது.

நான் வீட்டில் தனியே அகராதியை எடுத்து அந்தக் கட்டத்தை வாசித்தேன். சக் என்கிற அந்தக் கனத்த வட்டம் புரியில்தான் பூட்டியிருக்கிறது, மறுபக்கம் சுழற்றினால் கழன்று விழும், ஒருபோதும் அப்படிச் செய்யவேண்டாம் என்று இருந்தது. புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்பா பின்னாளில் அந்த மெசினைப் பழகிக்கொண்டார். பெரிய வேலைகள் இல்லை. சைக்கிள் சாமான், பம்புச் சாமான் என்று ஊருக்குப் போதுமானவை. மாமாவும் மறுபடி வேலை கொண்டு வந்தார். அதற்கு வருடங்கள் பிடித்தன. நான் சொல்லவந்தது அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நடந்ததைத்தான்.

காலில் கட்டோடு கதிரையில் இருந்து என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருந்தார். கட்டத்தின்மேல் விரலை வைத்து, “இதுல என்ன கிடக்கு புள்ள?” என்றார். வாசித்தேன். தமிழிலும் சொன்னேன்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா கேட்டுவிட்டார். “ஏன்கா புள்ள, இத அண்டைக்கு வாசிக்கல்லையா நீ?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், மிகவும் களைத்த குரலில் சொன்னார்.

“அவள் வாசிச்சவள். எனக்கு இந்த வேல தெரியாது.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அப்பா இரண்டு பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தப்பிவிட்ட சந்தோசத்தில் என் கண் கலங்கியது. அம்மா கையிலிருந்த அகப்பையோடு வாசற்படியில் மெல்லக் குந்திவிட்டார். ஒரு வாரமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலுப்பு என்று எண்ணிக்கொண்டு, நான் விளையாட ஓடினேன்.