எங்கள் பக்கத்துத் தண்ணீர்

என் கணவர் வங்காளத்தில் பார்த்த துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது திருநெல்வேலிக்குத் திரும்பிவிடலாம் என்று கொஞ்ச நாள் பேசினோம். அங்கே எங்களுக்கு வீடு கிடையாது. ஜாதவ்பூரில் ஒரு சின்ன ஃப்ளாட் இருந்தது. ஸ்டேஷனில் தெற்கே போகும் லோக்கலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வயல்வெளி வந்துவிடும். அங்கே ஒன்றரை பிகா, நம் கணக்கில் அரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்தோம். விஷம் படாத காய்கறி பயிரிடவேண்டும் என்பது என் ஆசை. அவருக்குப் பொழுது போகவேண்டும்.

கரியாஹாட்டில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், சான்றிதழ் மட்டும் வாங்கிவிடுங்கள், உங்கள் காய்க்குத் தனி அலமாரியே ஒதுக்கித் தருகிறேன் என்றார். எங்களைப் போன்ற சின்ன நிலக்காரர்கள் அதைத் தனியாக வாங்க முடியாது. ஐந்து பேராவது ஒரு குழுவாகச் சேரவேண்டும். ஒருவர் வயலை மற்ற நால்வரும் போய்ப் பார்த்து, இங்கே மருந்து அடிக்கவில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். மூன்று வருஷம் அப்படி ஓடினால்தான் சான்றிதழ். இடையில் ஒருவர் தவறினால் அவர் மட்டும் முதல் வருஷத்திலிருந்து தொடங்கவேண்டும். தவறியவரை மற்றவர்கள் மறைத்தால் ஐந்து பேரும் தொடங்கவேண்டும்.

எங்கள் குழுவில் அண்ணன் தம்பி இருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், நான், எங்களுக்கு அடுத்த வயல்காரி. அவள் கணவன் இறந்து பல வருஷமாகியிருந்தது. நிலம் அவளுக்குச் சொந்தம், இரண்டு பிகா. என்னைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி நான் அவளை தீதி, அதாவது அக்கா, என்றேன். அவள் என்னை பௌதி, அதாவது அண்ணி, என்றாள். என் கணவரை தாதா, அண்ணன், என்றாள்.

குழுவின் கணக்கு, பதிவு, அலுவலகக் கடிதம் எல்லாம் என் பொறுப்பு. ஆசிரியருக்கு வங்காளம் மட்டுமே எழுத வரும்; ஆங்கிலமும் இந்தியும் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கரியாஹாட் கடையும் என் வழியாக வந்தது. அதனால் என் சொல்லுக்கு அங்கே ஒரு எடை இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஐந்து பேரில் உண்மையாகவே பயிர் செய்யத் தெரிந்தவள் தீதிதான். விடிவதற்கு முன்னால் கத்திரிச் செடிகளுக்கு நடுவே குனிந்து நடந்து, வாடிய குருத்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாளியில் போடுவாள். உள்ளே புழு இருக்கும். வாளியைக் கொண்டுபோய் வெயிலில் கவிழ்ப்பாள். எங்கள் வயலிலிருந்து அவள் வயலுக்குப் போகும் வாய்க்கால் திரும்பும் இடத்தில், குப்பை வந்து சேராமலிருக்க மூங்கில் தட்டி ஒன்றைத் தன் கையாலேயே முடைந்து வைத்திருந்தாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு வேறு வேலையில்லை என்பார்.

மூன்றாவது வருஷம் மழை முடியும் நேரத்தில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வயலுக்குப் போனால், எங்கள் கத்திரிக்காய்கள் ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் பளபளவென்று தொங்கின. போகும்போது பாதிக் காய் புழுத்திருந்தது. எனக்கு உடனே புரிந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் வாசனையே சொல்லிவிட்டது.

"என்ன அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கத்தாத. ஒரே ஒரு தடவ. மூணு வருஷமா புழுவுக்குத்தான சோறு போட்டுக்கிட்டு இருக்கோம்."

"பாட்டில் எங்க?"

"வாய்க்கால்ல எறிஞ்சுட்டேன்."

சண்டை போட்டேன். அழுதேன். அன்றே அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தால் எங்கள் அரை ஏக்கர் மட்டும் முதல் வருஷத்துக்குப் போயிருக்கும். மற்ற நால்வருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. விதிமுறைகளைக் குழுவுக்குப் படித்துக் காட்டியவளே நான்தான். மறுநாள் எல்லோருடைய காய்களும் எங்கள் கொட்டகைக்கு வந்து கரியாஹாட்டுக்குப் போகும் நாள். துர்கா பூஜை நெருங்கிவிட்டது, கடைக்காரர் கத்திரிக்காய் கூடுதலாகக் கேட்டிருந்தார். எங்கள் காய் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். நானே பறித்தேன். நானே தீதியின் காயோடு சேர்த்து ஒரே கூடையில் கொட்டினேன்.

அன்றைக்குத்தான் அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் மாதிரி எடுக்க வந்தார். கூடையிலிருந்து கத்திரிக்காயை எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்தார். நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டேன்.

பூஜை முடிந்து, லட்சுமி பூஜையும் முடிந்த பிறகு முடிவோடு வந்தார். காயில் மருந்து இருந்தது. குழுவில் கத்திரி போட்டிருந்தது நானும் தீதியும் மட்டுமே. யார் என்று குழுவே கண்டுபிடித்து நீக்கவேண்டும், இல்லையென்றால் ஐந்து பேரும் மறுபடி மூன்று வருஷம் என்று அவர் சொன்னார். நல்ல மனிதர். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

முதலில் எங்கள் வயலைச் சுற்றிப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை, என் கணவர் கொட்டகையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டிருந்தார். பிறகு தீதியின் வயலுக்குப் போனோம். வாய்க்கால் திரும்பும் இடத்தில் தம்பிக்காரன் நின்றான். மூங்கில் தட்டியில் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று அடைந்திருந்தது. அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் பாட்டில். லேபிள் பாதி ஊறிப் போயிருந்தாலும் பூச்சி மருந்து என்று தெரிந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

தீதி பயப்படவில்லை. நான் அடித்திருந்தால் பாட்டிலை என் வாய்க்காலிலேயே போட்டு வைத்திருப்பேனா என்று அதிகாரியிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி உங்க பக்கத்துலேருந்துதான வருது, பௌதி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தயங்கக்கூட இல்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வாயிலிருந்து வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

"தண்ணி எங்கெங்கேருந்தோ வருது, தீதி. தட்டி உன்னோடது."

கொட்டகையில் உட்கார்ந்து கை தூக்கினோம். நான், ஆசிரியர், அண்ணன், தம்பி. ஆசிரியர் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது. தீதி எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயல் குறிப்பேட்டை மூன்று வருஷமாக அவள் சொல்லச் சொல்ல எழுதியவள் நான். அதில் அவளை நீக்கிய விவரத்தையும் நானே எழுதினேன். பெருவிரலில் மை தடவி ரேகை வைக்கச் சொன்னேன். ரேகை வைத்தாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் இடத்துக்கு வேறொருவரை முதல் வருஷக்காரராகச் சேர்த்தோம். இரண்டாவது மாதிரியில் குறை எதுவும் இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. கரியாஹாட் கடைக்காரர் அதை நகலெடுத்துக் கண்ணாடி போட்டு அலமாரிக்கு மேலே மாட்டினார். தமிழ்க் குடும்பங்கள் தேடி வந்து வாங்கினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, இதைக் குழந்தைக்கு வேகவைத்துக் கொடுக்கலாமா ஆன்ட்டி என்று கேட்டபோது தாராளமாகக் கொடு என்றேன். அது பொய் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வயலில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை.

ஊரில் தீதிக்கு விஷக்காரி என்று பெயர் வந்தது. எங்கள் குழுவைத் தவிர மருந்து அடிக்காதவர்கள் அந்த ஊரில் யாருமே இல்லை. ஆனாலும் அவளைத்தான் அப்படிச் சொன்னார்கள், அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடித்தாளாம். அவளிடம் வழக்கமாக வாங்கிய வீடுகள் நின்றுபோயின. அடுத்த வருஷம் நிலத்தை அந்தப் பக்கத்து நெல்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, அவரிடமே கூலிக்குப் போனாள். களை எடுப்பதைவிட மருந்து அடிப்பதற்குக் கூலி அதிகம். ஆண்கள் தலைவலி என்று அந்த வேலைக்கு வர யோசிப்பார்கள். அவள் போனாள்.

ஒரு காலை, எங்கள் வயலில் நின்றபோது அவளைப் பார்த்தேன். முதுகில் மருந்து டேங்க், மூக்கை மூடிச் சேலைத் தலைப்பு, தன் சொந்த நிலத்திலேயே நெல்லுக்கு அடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: காற்று இந்தப் பக்கம் வீசினால் எங்கள் சான்றிதழ் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் வரப்பில் இறங்கிப் போனேன். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பேசாதவளிடம் அதற்காகப் போனேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "காத்து இன்னிக்கு அந்தப் பக்கம், பௌதி. உங்க வயலுக்கு வராது. பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் டேங்கை இறக்கி வைத்தாள்.

"தெரியும். அன்னிக்கு பாட்டிலப் பாக்க எல்லாரும் குனிஞ்சோம். தாதா மட்டும் குனியல. வானத்தப் பாத்துக்கிட்டு நின்னார். மாஸ்டரும் அதப் பாத்தார்."

"அவருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். நீங்க போனா கரியாஹாட் கடை போயிடும், எழுத ஆளும் இல்ல. நான் போனா என்ன போகும்?"

சாதாரணமாகச் சொன்னாள், சந்தையில் எந்தக் காய் விலை போகும் என்று சொல்வதுபோல. ஒரு வருஷமாக நான் தனியாகச் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்த ரகசியம் ரகசியமே இல்லை. நான்கு பேரும் உண்மையை வைத்துக்கொண்டுதான் கை தூக்கியிருக்கிறோம்.

அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தாள்.

"இப்பவா? சொன்னா அஞ்சு வயலும் போகும். அவங்க எல்லாம் என் வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்க ரயில் ஏறிப் போயிடுவீங்க."

மன்னிப்பு என்ற வார்த்தை வங்காள மொழியில் எனக்குத் தெரியும், அது வரவில்லை. அவள் டேங்கை முதுகில் தூக்கி மாட்டிக்கொண்டு, "தள்ளி நில்லுங்க, சேலையில படும்" என்றாள். தள்ளி நின்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவளே வேண்டாங்கறா இல்ல, அப்ப விடு" என்றார். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத உட்காரும் போதெல்லாம், அவளே வேண்டாம் என்றாளே என்று எழுந்துவிடுவேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் யார் தலையில் விடியும் என்று மட்டும்தான் சொன்னாள். எனக்கு வசதியானபடி நான் அதை மாற்றிக்கொண்டேன்.

போன வருஷம் மழைக்குப் பிறகு, மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வயலில் மயங்கி விழுந்துவிட்டாள். நெல்காரர் சாமான் ஏற்றும் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் அன்று அங்கேதான், வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எங்கள் வயலில் சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதிகாரி என்ன சத்தம் என்று கேட்டார். கூலிக்காரி ஒருத்திக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்றேன். பிறகு ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் அவள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டதாக ஆசிரியர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.