பூனைக்கண்ணு செத்த டேப்

நான் பர்மிங்காமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை டீ இடைவேளையில், எங்கள் பிரிவின் ஆறு பெண்களும் ஒரு டாக்டரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குடிக்கிறானாம், நர்சுகள்மேல் எரிந்து விழுகிறானாம், கட்டிய மனைவியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லையாம். எல்லாரையும்விட உரக்கப் பேசியவள் டோரீன். அவள் பேசிய உரிமையைப் பார்த்து, அந்த டாக்டர் அவளுடைய கொழுந்தனாராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது முதுகுவலி. மெதுவாக அவள் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவர் ஒருதரம் வந்து பார்ப்பாரா என்று கேட்டேன். ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள். பிறகு ஒருத்திக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. அவர்கள் திட்டிக்கொண்டிருந்தது திங்கட்கிழமை தோறும் டெலிவிஷனில் வரும் ஆஸ்பத்திரி நாடகத்து டாக்டரை. அந்த நாடகம் அப்போதே ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இதை எழுதும் இன்றும் ஓடுகிறது.

இந்த ஊர் எனக்குப் பிடிபடாமல் போன முதல் இடம் அதுதான். அடுத்த வீட்டுக் கிழவர் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் தெருவுக்குத் தெரியவந்தது. ஆனால் நாடகத்தில் ஒரு நர்சுக்குக் கல்யாணம் என்றதும் டோரீன் கடைக்குப் போய் வாழ்த்து அட்டை வாங்கி, தபால்தலை ஒட்டி, டெலிவிஷன் நிலையத்துக்கு அனுப்பினாள். அந்த வழுக்கை டாக்டரைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் இந்த ஊர் வெயிலைப் போல. ஒரு வருடம் அயோக்கியன், மறு வருடம் அவனைப்போல உண்டா, அதற்கடுத்த வருடம் அவன் மூஞ்சியே ஆகாது. மாற்றி மாற்றிப் பேசுகிறோமே என்ற கூச்சம் துளியும் கிடையாது. வாராவாரம் கதை நகர்கிறது, இவளும் கூடவே நகர்கிறாள். கொஞ்ச நாளில் நானும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டேன். நாடகம் பார்த்துத்தான் ஆங்கிலமும் பழகினேன். என் வீட்டுக்காரர் வீடியோ ரிக்கார்டர் வாங்கியதும், ஒரு வாரம் விடாமல் டேப்பில் பிடித்து வைக்கவும் ஆரம்பித்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் வினை. நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். சூடான உருளையிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்புகளை, நீ ஒரு முனை நான் ஒரு முனை என்று பிடித்து மடித்து அடுக்குவோம். ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'ஆஸ்பத்திரியில் வேலை' என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அண்ணன் அதைப் படித்துவிட்டு, 'எங்க குமுதா சீமையில நர்சு' என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனான். அடுத்த கடிதத்தில் நான் திருத்தவில்லை, அதற்கடுத்த கடிதத்திலும் திருத்தவில்லை. என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களில் இந்தக் காரியத்தைச் செய்யாதவர் யாராவது இருந்தால், அவர்கள் என்னைக் காறித் துப்பட்டும்.

எண்பத்து மூன்று மார்கழியில் ஊருக்குப் போனேன். உத்திரமேரூரில் இறங்கி ஐந்து மைல் போனால் எங்கள் ஊர். அண்ணனுக்கு டெலிவிஷனும் வீடியோ டெக்கும் கொண்டுபோயிருந்தேன். கூடவே, வேறு எதுவும் கைவசம் இல்லாததால், அந்த நாடகத்தில் பொறுக்கி எடுத்த எட்டு டேப்புகள். முதல் நாள் சாயங்காலம் பெட்டியை வாசற்படிக்கு இழுத்து வைத்தோம். தெருவே உட்கார்ந்தது. காலனியிலிருந்து வந்தவர்கள் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அண்ணன் கிட்டே வரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது, ஒரு பாட்டு இல்ல, சண்ட இல்ல. பேசிக்கினே கீறானுங்க" என்றாள் ஒருத்தி.

"அந்தப் பொம்பள அன்னிய ஆம்பள கையப் புடிச்சிக்கினு நிக்கிறாளே, அவ புருசன் ஒண்ணும் கேக்க மாட்டானா?"

"நாடி பாக்கறாங்க" என்றேன்.

நெல் தரகு பார்க்கும் எதிர்வீட்டு முனுசாமி மாமா பெட்டியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று கேட்டார்: "குமுதா, இது நீ வேல பண்ற ஆஸ்பத்திரியா?"

அரிதாரம் கிடையாது, தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது, தையல் போடுவதைக்கூட அப்படியே காட்டுகிறார்கள். அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "ஆமா மாமா" என்றேன். அவ்வளவுதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நான் கெடவில்லை, அதுதான் கஷ்டம்.

என் அண்ணி அலமேலு முன்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இருதயத்தைப் பிடித்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை, ஏரி மதகில் பலகை மாட்டிக்கொண்ட மாதிரி, திறந்துவிட்டால் நல்லபடி இருப்பாள் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணி கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே அழுவாள். இரண்டு வருடமாக அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாளிலிருந்து ஊரின் பேச்சே மாறிப்போயிற்று. பாட்டில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள், சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்கள். டாக்டருக்கு மொட்ட டாக்டர் என்றும், அங்கே தலைமை நர்சாக வரும் பெண்ணுக்குப் பூனைக்கண்ணு என்றும் பேர் வைத்தார்கள். "மொட்ட டாக்டரு கை வெச்சா செத்தவனும் எய்ந்து குந்திக்குவான்" என்று முனுசாமி மாமா டீக்கடையில் பேசினார். பூனைக்கண்ணுக்கு இரண்டு குழந்தைகள், அவளுக்கும் இருதயக் கோளாறு. மாடிப்படியில் அவள் நின்று நின்று ஏறியபோது அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"எனுக்கு வர மாறியே வருது பாரு கண்ணு." ஆறாம் நாள் அவளாகவே சொன்னாள்: "இந்த மாறி ஒருத்தரு பாத்தா நானும் படுத்துக்குவேன். தெகிரியமா கீது."

அண்ணன் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே ஓடினான். தை பிறந்து இருபதாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள் என்று திரும்பி வந்து சொன்னான். நான் கர்வத்தில் மிதந்தேன்.

எட்டாவது டேப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பூனைக்கண்ணுக்கு மொட்டை டாக்டர் ஆபரேஷன் செய்வார், அவள் செத்துப்போவாள். ஏன் செத்தாள் என்பதும் தெரியும். அந்தப் பகுதி வந்த மறுநாள், டோரீன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே விவரம் சொல்லியிருந்தாள். அந்த நடிகைக்கு வேறொரு சேனலில் நகைச்சுவை நாடகத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துவிட்டது, அவளை வெளியே அனுப்ப வேறு வழியில்லை, அதனால் கொன்றுவிட்டார்கள். இங்கே அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வருடக்கணக்கில் ஓடும் நாடகத்தில் சாவு என்பது பாதி வேலைமாற்றல்தான். அந்த டேப்பை நான் துணிப்பெட்டியின் அடியிலேயே போட்டு வைத்திருக்கலாம். ஆனால் ஊர் கேட்டது. எனக்கும், உண்மையைச் சொன்னால், அத்தனை பேரையும் ஒருசேர அழவைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

அழுதார்கள். திரையில் அந்த இரண்டு குழந்தைகளும் தாழ்வாரத்து நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் அழுதார்கள். அண்ணி அழவில்லை.

"கண்ணு, பூனக்கண்ணு செத்துட்டுதா?"

"ஆமா அண்ணி."

"நெஜமாவா?"

இந்த ஒரு கேள்விதான். எங்கள் பக்கத்தில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடிப்பு என்றால் தெரியாதா என்ன? கூத்தில் செத்த ராஜா, விடிந்ததும் காதோரம் அரிதாரம் போகாமல் டீக்கடையில் நிற்பார், அவரிடமே 'ராவு நல்லா செத்தீங்க' என்று சொல்லிவிட்டு வருவார்கள். அப்படி, 'அவள் நடிகை அண்ணி, உயிரோடு இருக்கிறாள், சிரிப்பு நாடகத்தில் சேர்ந்துவிட்டாள்' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அது என் ஆஸ்பத்திரி இல்லை. அது என் ஆஸ்பத்திரி இல்லையென்றால் நான் நர்சும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி மாமா முந்திக்கொண்டார்: "இன்னா அலமேலு, இப்படிக் கேக்கறே? குமுதா கூட வேல பண்ண பொண்ணு. அவ கண்ணால பாத்துருப்பா." நான் தலையை ஆட்டினேன்.

மறுநாளே மொட்டை டாக்டர் கொலைகாரப் பாவி ஆகிவிட்டார். 'சீமையிலயே காப்பாத்த முடியல, இங்க இன்னா பண்ணிடுவானுங்க' என்பது ஊரின் தீர்ப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அண்ணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் என்னைத்தான் நம்பினான். "நீயே சொல்லு குமுதா. ஆஸ்பத்திரியில கீறவ நீ" என்றான். "எல்லாருக்கும் அப்படி ஆகாது அண்ணி" என்று நூறு தடவை சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து விமானம் ஏறினேன். அந்த இருபதாம் தேதி வந்து போயிற்று.

இங்கே டோரீனும் அந்தச் சாவுக்காக டாக்டரைத் திட்டித் தீர்த்தவள்தான். ஆனால் அடுத்த மூன்றாவது வாரமே விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றாகி, அதே ஆபரேஷனில் வேறொருத்தி பிழைத்து வீட்டுக்குப் போனதும், இவளுக்கு அவர் மறுபடி தெய்வம். எங்கள் ஊருக்கு அந்த மூன்றாவது வாரம் வரவே இல்லை. கடிதத்தில் உண்மையை எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அண்ணன் கடிதத்தை உரக்கப் படிப்பான், கேட்கத் தெருவே கூடும். அதை நினைத்தால் பேனா நின்றுவிடும். என் மானத்துக்கு அண்ணியின் உயிர் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது, 'குளிர் அதிகம், நாங்கள் நலம்' என்று எழுதினேன்.

எண்பத்தாறு பங்குனியில் மறுபடி போனபோது, அண்ணி தோட்டத்து வாசல் பக்கம் கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். கால் இரண்டும் நீர்கோத்துப் பளபளவென்று இருந்தன. பட்டணத்தில் மறுபடி காட்டியபோது, இனிமேல் மயக்கமருந்தைத் தாங்கமாட்டாள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். நான் கட்டில் காலடியில் உட்கார்ந்து, முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்த கதையைச் சொன்னேன்.

"அண்ணி, நான் நர்சு இல்ல. துணி மடிக்கிறேன்."

"அதுக்கு இன்னா இப்போ? அதுவும் வேலதானே."

"அது என் ஆஸ்பத்திரியும் இல்ல. நாடகம். பூனக்கண்ணு சாகல அண்ணி. நடிச்சா. வேற நாடகத்துக்குப் போயிட்டா."

அண்ணி தலையணையை விட்டு முன்னால் சாய்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"உயிரோடவா கீறா?"

"ஆமா."

"அந்த ரெண்டு கொயந்திங்க?"

"அதுங்களும் நடிப்புதான் அண்ணி. அதுங்களுக்கு வேற அம்மா."

"அப்பாடா" என்றாள். மூச்சு வாங்கியது, விட்டு விட்டுத்தான் சொன்னாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அதுங்களுக்கும் சேத்து வெளக்கு ஏத்திக்கினு இருந்தேன். தாயில்லாம எப்படிக் கீதுங்களோன்னு. நல்லா இருக்கட்டும்." பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து, ஊரில் யாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரியாதே, உன் அண்ணனுக்குத் தலைகுனிவு என்றாள். நான் சொல்லவில்லை. ஆடியில் அவள் போய்விட்டாள். அண்ணன் மகள் எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் டோரீன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் போட்ட சேனலில் ஒரு சிரிப்பு நாடகம். பூனைக்கண்ணு வந்தாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள், பஸ் நிற்கவில்லை, அடுத்த நிறுத்தம் வரைக்கும் ஓடுகிறாள். பார்க்கிறவர்கள் சிரிப்பதைக் கேட்கவைக்கிறார்கள். டோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"இது சிரிக்க வேண்டிய இடம், கண்ணே. உனக்குப் புரியவில்லையா?"

புரிந்தது என்றேன். ஆனாலும் விளக்கினாள், பஸ் ஏன் நிற்கவில்லை என்று, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, நேற்று வந்து இறங்கியவளுக்குச் சொல்வதைப் போல. நான் தலையை ஆட்டிக்கொண்டே அந்தப் பெண்ணின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைப் பிடித்து ஏறி உட்கார்ந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஊரில் ஆள் இல்லை, அந்த ஊரில் இருந்த ஒருத்தியும் இல்லை.