பத்து நாள் பிரியாணி

பொம்மனஹள்ளிப் பக்கம் இருந்த முனிசிபல் நாய்க் காப்பகத்துக்கு அவர்தான் தலைமை டாக்டர். கல்லூரி முடித்த கையோடு, ஊரிலுள்ள நாய்களையெல்லாம் காப்பாற்றிவிடும் வேகத்தில் நான் அங்கே உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்குச் சாயம் பூசிய மீசை, பித்தான்களைத் திணறவைக்கும் தொப்பை. நாய்களை "வாங்க, உக்காருங்க" என்பார். எங்களை "டேய்" என்பார்.

ஒருநாள் வார்டு கவுன்சிலர், அந்த ஊரில் கார்ப்பரேட்டர் என்பார்கள், கெண்டைக்காலில் கட்டோடு வந்தார். அவரைக் கடித்த நாய் எங்கள் கூண்டில் இருந்தது.

"இன்னிக்கே இதை முடிச்சுடணும் டாக்டர்!"

"முடிச்சுடலாம் சார். ஊசி போட்டுக்கிட்டீங்கல்ல? ஆனா கடிச்சவரைப் பத்து நாள் வெச்சுப் பாக்கணும். இவரு நல்லா இருந்தாத்தான் வெறி இல்லேன்னு அர்த்தம். நடுவுல இவரு போயிட்டா..." என்று இழுத்து, கார்ப்பரேட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

கார்ப்பரேட்டருக்கு வியர்த்துவிட்டது. "நல்லாப் பாத்துக்குங்க டாக்டர். சாப்பாடு நான் அனுப்பறேன்."

மறுநாளிலிருந்து மதியம் தவறாமல் மட்டன் பிரியாணி வந்தது. நாய்க்கு எப்போதும்போல முட்டைச்சோறுதான். "மசாலா இவருக்கு ஆகாதுடா" என்று டாக்டரே பொட்டலத்தைப் பிரிப்பார்.

பத்தாம் நாள் நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. அதைக் கொல்லும் பேச்சையே கார்ப்பரேட்டர் விட்டிருந்தார். நாயைப் பிடித்துவந்த தெருவிலேயே கொண்டுபோய் விட நான் சங்கிலியை எடுத்தேன். டாக்டர் போனை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்காரு சார். எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் பாத்துடலாமா?"

இவ்வளவு சாமர்த்தியமும் நாய்க்காகவா, பிரியாணிக்காகவா என்று கேட்டுவிட வாயைத் திறந்தேன். அதற்குள் என் கையிலும் ஒரு தட்டைத் திணித்துவிட்டார்.